கறிக்கடைக்காரரின் காய்கறிப் பொட்டலங்கள்

என் அக்காவின் வீட்டுக்காரர் கறிக்கடை வைத்திருக்கிறார். அவர் ஆட்டைத் துண்டு போடுவதைப் பார்க்க, வாங்க வராதவர்களும் நின்றுவிட்டுப் போவார்கள். எடை போட்டு முடித்ததும், யாராக இருந்தாலும், இன்னொரு துண்டை எடுத்து மேலே போடுவார். போன வாரக் கறி வேகவே இல்லை என்று திட்டுகிறவருக்கும் போடுவார். "லாபம் அதுலயே போயிடும் அத்தான்" என்று நான் சொன்னால், "கை தானா போகுது மச்சான், நான் என்ன பண்றது?" என்பார். தன் கையைப் பற்றி, யாரோ வேலைக்கு வைத்த ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

அவருக்கு ஒரே மகள். கல்லூரியில் சேர்ந்த வருடம் கறி சாப்பிடுவதை நிறுத்தினாள். அதில் சண்டை ஒன்றும் இல்லை. "எனக்கு இனிமே வேண்டாம்" என்றாள், அத்தான் "சரி" என்றார். அதோடு முடிந்திருந்தால் எனக்கு இதை எழுதுகிற வேலை மிச்சமாகியிருக்கும். கொஞ்ச நாளில் அவளுக்குத் தனிப் பாத்திரம் வந்தது, பிறகு தனி அடுப்பு. அத்தான் கரண்டியோடு அவள் பக்கம் திரும்பினாலே உள்ளங்கையால் தட்டை மூடிக்கொள்வாள். "உங்க கையில வாடை வருதுப்பா." அவர் எழுந்து போய் எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவார். அவள் கை தட்டின் மேலேயே இருக்கும். ஒரு கட்டத்தில் அவர் கரண்டியை எடுப்பதை விட்டுவிட்டார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. அந்த நேரத்தில் நான் தண்ணீர் குடிப்பேன்.

இருவரும் வருடத்துக்கு ஒருமுறை மலைக்குப் போகிறவர்கள். கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு ஏறி, நாலைந்து நாள் கழித்து அழுக்காக இறங்கி வருவார்கள். இதில் என்ன சுகம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வீட்டில் கட்டில் இருக்கிறது. ஆனால் அத்தான் மற்ற நாட்களையெல்லாம் அந்த நாட்களுக்காகத்தான் கழித்தார். போன வருடம் மலையில் அவர் உலர்ந்த கறியைச் சமைத்துச் சாப்பிட, அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ரொட்டியும் ஜாமும் தின்றிருக்கிறாள். இறங்கி வந்ததும், "அடுத்த வருஷம் நான் ஃப்ரெண்ட்ஸோட போறேன்பா" என்றாள்.

அத்தான் யோசித்துவிட்டு, "ஒரே ஒரு தடவை நான் சமைக்கிறேன். எல்லாம் காய்கறி, பருப்புதான். உனக்கு இறங்கலைன்னா அப்புறம் நீ யாரோட வேணா போ, நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார்.

"பாத்திரம்?"

"கத்தியிலேர்ந்து கரண்டி வரைக்கும் புதுசு."

அவள் ஒப்புக்கொண்டாள். எங்கள் கஷ்டகாலம் ஆரம்பமானது.

உலர்த்தும் மெஷின் ஒன்று வாங்கினார். கடைக்கு லீவு விட்ட நாளெல்லாம் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். மலைமேல் தண்ணீர் கொதிக்குமே தவிர, போதிய சூடு ஏறாது. பச்சைப் பருப்பைப் போட்டால் கேஸ் தீர்ந்துவிடும், பருப்பு வேகாது. அதனால் எல்லாவற்றையும் வீட்டிலேயே வேகவைத்து, அப்புறம் உலர்த்த வேண்டும். எண்ணெய் விட்டால் சிக்கு வாடை வரும். அதைச் சின்னக் குப்பியில் தனியாகக் கொண்டுபோக வேண்டும். தக்காளியை அரைத்துத் தட்டில் மெல்லிசாகப் பரப்பினால் தோல் மாதிரி உரிந்து வரும். "அப்படியே ஆட்டுத்தோல்தான்" என்று பூரித்துப்போனார். இதை மகளிடம் சொல்லிவிடாதீர்கள் என்று நான் எச்சரித்தேன். முட்டைக்கோஸை அவர் வெட்டியதைப் பார்த்தேன். முதலில் திருப்பித் திருப்பி மூட்டு எங்கே என்று தேடினார்.

ருசி பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. உலர்ந்த காளான், உலர்ந்த கேரட், உலர்ந்த பருப்புச் சாதம் எல்லாம் வெந்நீரில் உயிர் பெற்று என் முன்னால் வந்து நின்றன. முதலில் வந்தவற்றை வாயில் வைக்க முடியவில்லை, சொன்னேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் திரும்பவும் செய்தார். கடைசியாகச் செய்ததைத் தின்றுவிட்டு நான் தட்டை வழித்தேன். அந்த நாட்களில் அவர் உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து சிவந்திருந்தது. கேட்டால், "சோப்பு ஒத்துக்கல" என்றார். நானும் நம்பினேன்.

புறப்படுகிற அன்று அக்கா என்னையும் மூட்டை கட்டிவிட்டாள். "ரெண்டு பேரையும் தனியா அனுப்பினா பேசாமலே போயிட்டுப் பேசாமலே வருவாங்க. நீ கூடப் போ" என்றாள். என் முட்டி வலியை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாப்பாடு முழுவதையும் அத்தான்தான் சுமந்தார், ஒரு பொட்டலத்தைக்கூட எங்களிடம் தரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு சமதரையில் கூடாரம் போட்டோம். நான் படுத்தேன். அவர் ஓடையில் தண்ணீர் பிடிக்கப் போக, அவள் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அவர் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். காற்றை உறிஞ்சி, கல் மாதிரி இறுக்கி, விளிம்பை ஒட்டிய அழகான பொட்டலம். அதைத் திருப்பினாள். அப்படியே நின்றாள்.

"மாமா, இதைப் படிங்க."

படித்தேன். 'இளம் ஆட்டுத்தொடை, எலும்பு நீக்கியது' என்று அச்சடித்த லேபிள் ஒட்டியிருந்தது. அடுத்ததை எடுத்தாள். அதுவும் இளம் ஆட்டுத்தொடை. பையில் இருந்த அத்தனையும் இளம் ஆட்டுத்தொடை.

அத்தான் தண்ணீரோடு வந்தார். லேபிளைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"கடை மெஷின்ல சீல் பண்ணீங்களா?"

"ஆமா. காத்து புகுந்தா கெட்டுப்போயிடும். வீட்ல அந்த மெஷின் இல்லை. சீல் பண்ணதும் அது தானா லேபிள் ஒட்டிடும். தினமும் அதைத்தான் பாக்கறேன், அதனால கண்ணுல படவே இல்ல" என்றார்.

"கடை மெஷின்!"

அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, கழற்றிப் போட்டிருந்த ஷூவைத் திரும்ப மாட்டினார்.

"எங்க போறீங்க?" என்றேன்.

"கீழ, அடிவாரத்துல பாத்தோமே, அந்த ரொட்டிக் கடைக்கு. விடியறதுக்குள்ள வந்துடுவேன். இவ பசியோட படுக்கக் கூடாது."

நாங்கள் பகல் முழுக்க ஏறி வந்த வழி அது. எனக்குக் கெட்ட கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. "இருட்டுல உருண்டு விழுந்தா யாரு தூக்கறது? நான் தூக்க மாட்டேன்" என்று கத்தினேன். அவர் ஷூ கயிற்றை முடிச்சுப் போட முயன்றுகொண்டிருந்தார். உரிந்த விரல்களில் கயிறு நிற்கவில்லை. அவள் டார்ச்சை அந்தக் கையின் மேல் அடித்தாள்.

"கைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"அப்பா."

"மெஷினைக் கழுவினேன். சோடாவும் கொதிக்கிற தண்ணியும் போட்டு. வாடை போச்சான்னு எனக்குத் தெரியாதே, என் மூக்கு செத்துப் பல வருஷமாச்சு. அதனால திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டே இருந்தேன்."

அவள் பொட்டலத்தைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனாள். அந்த வீட்டில் அவள் மூக்கு வைத்ததுதான் சட்டம். அத்தான் ஒரு கால் ஷூவோடு தீர்ப்புக்குக் காத்திருந்தார். முட்டி வலியை மறந்து நானும் எழுந்து நின்றேன், சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

"தக்காளி வாசம்தான் வருது" என்றாள். "பூண்டு கொஞ்சம் ஜாஸ்தி. ஷூவைக் கழட்டுங்க."

பொட்டலத்தைக் கொதிக்கிற தண்ணீரில் அவளே கொட்டினாள். மூடி போட்டுக் காத்திருந்தோம். பருப்பு மலர்ந்து, காளான் ஊறி, தக்காளித்தோல் கரைந்து குழம்பானது. குப்பியிலிருந்து எண்ணெய் விட்டாள். பாத்திரத்தையும் புதுக் கரண்டியையும் அவரிடம் நகர்த்தினாள். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன், என் கையில் தண்ணீர் இல்லை.

மூன்று தட்டிலும் தராசு பிடித்த மாதிரி சமமாகப் பரிமாறினார். முடித்துவிட்டுக் கரண்டியை வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கை தானாகப் பாத்திரத்துக்குள் போய், இன்னொரு கரண்டி அள்ளிக்கொண்டு, அவள் தட்டுக்கு மேல் வந்துவிட்டது. அங்கே வந்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது போல. கரண்டி காற்றிலேயே நின்றது.

அவள் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள்.

"போடுங்கப்பா," என்றாள். "கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் போடறீங்கல்ல?"