நிறைந்த மார்பும் மூன்று சென்டிமீட்டரும்

அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் நான் பிசியோதெரபி கிளினிக் திறந்தது எண்பதுகளின் கடைசியில். போர்டில் அந்தப் பெயரைப் படித்துவிட்டுப் பாதிப் பேர் மாவுக்கட்டு போடுவீர்களா என்று கேட்டார்கள். மீதிப் பேர் கால் அமுக்கிவிடும் இடம் என்று நினைத்தார்கள்.

சேகர் முதல் நாளே அம்மாவோடு வந்தான். அயனம்பாக்கத்துக்காரன், வயது இருபத்துமூன்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஐந்து வருடம் லேத் மெஷினில் குனிந்து நின்றதில் தோள் இரண்டும் முன்னால் வந்து முதுகு வளைந்திருந்தது. போலீஸ் தேர்வில் ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் தேறிவிடுவான். மார்பளவில்தான் இரண்டு முறை வெளியே வந்துவிட்டான். சாதாரணமாக எண்பத்தொரு சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் ஐந்து கூட வேண்டும். இவனுக்கு மூன்றுதான் கூடியது. வயது வரம்புப்படி அடுத்த தேர்வுதான் கடைசி.

நான் கல்யாணமாகாத பெண், அவனோ சட்டையைக் கழற்ற வேண்டியவன். அம்மா தனம்மா காவலுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூச்சுப் பயிற்சி என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"மூச்சு உட்றதுக்குக் கூடவா டூசன் வெப்பாங்கோ? பொறந்ததுலேந்து உட்டுக்கினுதானே கீறான்."

சேகரைக் குப்புறப் படுக்க வைத்து, நடு முதுகில் உள்ளங்கையை ஊன்றி, இறுகிய மூட்டுகளைத் தளர்த்தும் மொபிலைசேஷன் கொடுத்தேன். சடக்கென்று ஒரு சத்தம். தனம்மா எழுந்து வந்து மகனின் கைகால்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தார். பிறகு அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, முதுகுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்தேன். கீழ் விலாவில் என் கைகளை வைத்து, மூச்சை இழுத்து அவற்றைத் தள்ளச் சொன்னேன். ஆறு வாரத்தில் முதுகு நிமிர்ந்தது. என் டேப்பில் ஆறு சென்டிமீட்டர் கூடியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒத்திகை பார்த்துவிடலாம் என்று கீழே மருந்துக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். பெரிய மீசை, அதட்டல் குரல், அளவெடுக்கும் போலீஸ்காரர் வேஷத்துக்குப் பொருத்தமானவர். அவர் டேப்போடு நிற்க, சேகர் வெளியிலிருந்து உள்ளே வந்தான். கூடியது மூன்று. மறுபடி வரச் சொன்னேன். மறுபடியும் மூன்றுதான்.

மூன்றாவது தடவை டேப்பை விட்டுவிட்டு அவனைப் பார்த்தேன். டேப் மேலே படுவதற்கு முன்பே, கதவைத் தாண்டும்போதே மார்பு நிறைந்திருந்தது. என்னடா இது என்று கேட்டேன்.

"எண்பத்தொண்ணுக்கு ஒரு நூலு கொறஞ்சா மொதல்லயே தொரத்திடுவாங்கக்கா. அதான் உள்ள போறப்பவே கொஞ்சம் புட்ச்சி வெச்சிக்குவேன்."

நிறைகுடத்தில் எங்கே போய் ஊற்றுவது? இரண்டு தேர்விலும் இதைத்தான் செய்திருக்கிறான். எனக்குக் கோபம் வந்தது, அவன் மேல் பாதி, என் மேல் பாதி. ஆறு வாரம் இழு, இழு என்று சொன்னவள், அங்கே போய் எப்படி நிற்பாய் என்று ஒரு நாளாவது கேட்டிருக்க வேண்டாமா?

சும்மா மூச்சை விட்டு நிற்கச் சொல்லி அளந்தேன். எண்பத்திரண்டு. முதுகு நிமிர்ந்ததில், குறையுமோ என்று பயப்படக் காரணமே இல்லாமல் போயிருந்தது. அவன் நம்பவில்லை. குனிந்து டேப்பைத் தானே படித்தான்.

மீதி நாட்களில் விடுவதை மட்டும்தான் பழகினோம். வீட்டில் அந்தப் பொறுப்பைத் தனம்மா எடுத்துக்கொண்டார். மகன் வேலையிலிருந்து வந்தால் வாசலிலேயே நிறுத்தி, மூச்சை விட்ட பிறகுதான் உள்ளே சோறாம்.

தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் இருவரும் படியேறி வந்தார்கள். சேகர் சொன்னான்.

"மொத டேப்பு வெச்சப்போ புட்ச்சிக்கலாம்னுதான் தோணிச்சிக்கா. கண்ண மூடிக்கினு உட்டுட்டேன். எண்பத்திரண்டுன்னு அந்த சார் சொன்னாரு பாரு, அப்பவே பயம் பூட்ச்சி. மிச்சம் அஞ்சும் தானா வந்துச்சி."

எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பது ஒன்றுதான். கூன் போட்டு வருகிற பிள்ளையிடம் நிமிர்ந்து நில், மூச்சை இழு என்று எடுத்ததும் சொல்லாதீர்கள். எதற்குப் பயப்படுகிறான் என்று முதலில் கேளுங்கள்.