பனி ஏறவில்லை என்று சொன்னவர்

தமயந்தி அக்கா இறந்த செய்தியை அவருடைய அண்ணன்தான் எனக்குப் போனில் சொன்னார். தேனியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். "தம்பி, தமயந்தி போயிட்டாப்பா" என்றவர், நான் வாய் திறப்பதற்குள், "போஸ்டர் அடிக்கக் குடுக்கணும். அவ என்ன கண்டுபிடிச்சான்னு ஒரே வரியில சொல்லு" என்றார். அந்த இரைச்சலுக்கு நடுவே யோசித்து யோசித்துச் சொன்னேன்: துருவப் பனியின் உயரத்தைச் செயற்கைக்கோள் ராடார் எங்கே தப்பாக அளக்கிறது என்று காட்டியவர். "இது யாருக்கும் வெளங்காதுப்பா. ஊருக்குத் தெரிஞ்சதையே போட்டுக்கிடுறேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் கோம்பையில் இறங்கியபோது சுவரெல்லாம் அந்தப் போஸ்டர். 'பனி உருகவில்லை என்று உலகுக்கு நிரூபித்த கோம்பையின் புதல்வி.' அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லாத வாக்கியம். சொன்னதற்கு நேர் எதிரான வாக்கியம். அவரை அறிந்தவர்களுக்காகவும், அறிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

வடக்கே ஓர் ஆய்வு நிலையத்தில் நாங்கள் பல வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். நான் சின்னமனூர்க்காரன். அந்தக் கட்டடத்தில் தமிழ் பேச எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. செயற்கைக்கோள் கீழே ஒரு ரேடியோ துடிப்பை அனுப்பும். அது பனியில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து உயரத்தைக் கணக்கிடுவார்கள். ஆனால் முதலில் திரும்பி வருவது நேர் கீழே இருக்கும் இடத்திலிருந்துதான் என்று சொல்ல முடியாது. சரிவான இடத்தில் மேட்டுப் பக்கம் செயற்கைக்கோளுக்குக் கிட்டத்தில் இருக்கும். அங்கே பட்டது முந்திக்கொண்டு வந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்கா சொன்னார்: "மலையடியில இருக்குற லோயர் கேம்ப்புக்கு நேர் மேல ஆகாசத்துல நின்னு கத்துனா, மொத எதிரொலி குமுளி மலையில இருந்துதான் வரும். அதைக் கேம்ப்போட ஒசரம்னு எழுதிக்கிட்டா, மலை மேலயா தப்பு?"

ஒரு கோடையில், கிரீன்லாந்தின் உட்பகுதியில் பனி சட்டென்று உயர்ந்துவிட்டதாகக் கணக்கு காட்டியது. எங்கள் தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டார். அக்கா அந்தப் பகுதியின் வெப்பநிலையை எடுத்துப் பார்த்தார். "பனி ஏறல தம்பி. மேல உருகி, திரும்ப இறுகிக் கெடக்கு" என்றார். காய்ந்த பனிக்குள் ராடார் துடிப்பு கொஞ்சம் இறங்கிவிட்டுத்தான் திரும்பும். மேற்பரப்பு உருகி மறுபடி உறைந்து கெட்டியாகிவிட்டால் உள்ளே இறங்க வழியில்லை, மேலேயே பட்டுத் திரும்பிவிடும். பனி இருந்த மட்டத்திலேயே இருக்க, கணக்கில் மட்டும் உயரும். உருகியதால் வந்த பிழை, வளர்ந்ததுபோல் வேஷம் கட்டி நின்றது.

கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது, உங்கள் கண்ணுக்குக் குறை மட்டும்தான் தெரியும் என்றார் தலைவர். அதற்குத்தானே என்னை வைத்திருக்கிறீர்கள் என்றார் அக்கா. அடுத்த மாதமே அவரைப் பழைய தரவுகளை அடுக்கிவைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்துகொண்டே தன் முடிவைத் தனியாக எழுதி வெளியிட்டார். பிறகு அதே தலைவர் தன் கட்டுரையில் அந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார். அக்காவின் பெயரைச் சேர்க்கவில்லை.

ஊர் செய்தது அதைவிடக் கொடுமை. 'பனி அளவீட்டில் பிழை: கோம்பைப் பெண் விஞ்ஞானி கண்டுபிடிப்பு' என்று ஒரு நாளிதழில் செய்தி வந்தது. அதுவரை சரி. அது வாட்ஸ்அப்பில் ஏறி ஊர் வந்து சேர்ந்தபோது, அளவு பிழை என்றால் உருகுவதே பிழை என்று ஆகியிருந்தது. அனுப்பியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அக்கா மறுத்தார். "நல்ல பேரு தானா வருது, பேசாம இருங்க" என்று அவருக்கே புத்தி சொன்னார்கள்.

வேலையை விட்டு அவர் ஊர் திரும்பியதும் தேனியில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். நானும் ஊர் வந்திருந்தேன். முன்னின்று நடத்தியவர் மலையடிவாரத்தில் மனை போட்டு விற்கும் பெரிய மனிதர். "காடு அழியுது, காலம் மாறுதுன்னு பயங்காட்டுறவகளுக்கு நம்ம ஊர்ப் பொண்ணு பதில் சொல்லிருச்சு" என்று முழங்கினார். அக்கா மைக்கை வாங்கினார்.

"நான் அப்பிடிச் சொல்லல. பனி உருகுது. உருகுனதாலதான் ராடாரு தப்பாக் காட்டுச்சு. அதைத்தான் நான் எழுதுனேன்."

பெரிய மனிதர் கலங்கவில்லை. மைக்கைத் திரும்ப வாங்கி, "பாத்தீகளா, எம்புட்டுத் தன்னடக்கம்!" என்றார். கைதட்டல் அடங்க வெகு நேரமானது. திரும்பும் பஸ்ஸில், போர்த்திய சால்வையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு அக்கா சொன்னார்: "ராடாரு பிழை விட்டாத் திருத்திப்புடலாம் தம்பி. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி எட்டிப் பார்த்து, "நீங்கதானே பனி உருகலைன்னு சொன்ன அம்மா?" என்று ஆசையாகக் கேட்டார். அக்கா முகத்திலிருந்த ஆக்ஸிஜன் மாஸ்கை இழுத்து இறக்கினார். "நான் சொல்லல" என்றார். அதற்குள் மூச்சு இரைத்தது. அந்த அம்மாள் பதறிப்போய், "சரி ஆத்தா, பேசாதீக, பேசாதீக" என்று மாஸ்கை அவரே மாட்டிவிட்டார். அன்பாகத்தான் செய்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கண்ணீர் இல்லை, கடுங்கோபம் இருந்தது.

இழவு வீட்டில் வந்தவர்களெல்லாம் "நிம்மதியாப் போயிட்டாக" என்றார்கள். பொறுமைசாலி என்றும், யார் மனதையும் நோகடிக்காதவர் என்றும் இனிப் பேசுவார்கள். அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், அவருக்குப் பொறுமை கிடையாது. தப்பான ஒரு சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடிந்ததே இல்லை. கோபத்தோடு வாழ்ந்தார், கோபத்தோடு போனார். அவருடைய சால்வைகளையும் கேடயங்களையும் ஊர் வைத்துக்கொள்ளட்டும். நான் அந்தக் கோபத்தை எடுத்துக்கொள்கிறேன். அது எனக்குள் ஆறிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதினேன்.