துரை சொன்ன எலும்பு

வாலிபத்தில் நான் ஒல்லி. இப்போதும் ஒல்லிதான், ஆனால் வயதான பிறகு அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வட்டவளையில் பாண் ரொட்டிக் கடை வைத்திருந்த சிங்களக்காரர் என்னை "கெட்டு மல்லி" என்றுதான் கூப்பிடுவார். ஒல்லித் தம்பி என்று அர்த்தம். கூப்பிட்டுவிட்டு ஒரு வாழைப்பழம் சும்மா தருவார். அந்தக் கடையின் சீனிச்சம்பல் வாசம் ரயில் நிலையம் வரைக்கும் வரும். அது கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது துரை சொன்ன சொல்லைப் பற்றி.

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷம் ஆகியும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குச் சீமையிலிருந்துதான் துரை வந்தார். அந்தப் புதுத் துரை ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு நின்ற என்னைப் பார்த்து இங்கிலீஷில் "போனி" என்றார். சொல்லிவிட்டுத் தன் நாயைத் தடவப் போய்விட்டார். அவர் மறந்துவிட்டார். சொல் மறக்கவில்லை.

துரையின் பேச்சு எங்களுக்கு நேராக வராது. படிப்படியாகத்தான் இறங்கும். ஒவ்வொரு படியிலும் நிற்பவர் தன் பங்குக்கு ஏதாவது சேர்த்தாக வேண்டும். வாங்கியதை அப்படியே கொடுத்தால் அவருக்கு என்ன மரியாதை? கிளாக்கர் அதை "எலும்பான ஆள்" என்று கணக்கப்பிள்ளையிடம் இறக்கினார். கணக்கப்பிள்ளை "எலும்பும் தோலுமா இருக்கானேன்னு துரை வருத்தப்படுறாரு" என்று பெரிய கங்காணியிடம் இறக்கினார். பெரிய கங்காணிக்குக் கோட்டுப் பொத்தான் வயிற்றில் பூட்டாது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஒடம்புல ஒண்ணுமில்லையாம்டா ஒனக்கு. தொரையே சொல்லிட்டாரு" என்றார். எலும்பாகக் கிளம்பிய சொல் என்னிடம் வருவதற்குள் நன்றாகச் சதை போட்டிருந்தது.

அன்றைக்கும் மற்றவர்களோடு சேர்ந்துதான் கவ்வாத்து வெட்டினேன். மலையில் யாரும் என் உடம்பைப் பற்றிப் பேசவில்லை. பொழுது சாய்ந்தபோது நாங்கள் குடியிருந்த லயத்தில் அது சீக்காகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சொல் அட்டன் சந்தைக்குப் போய், அங்கிருந்து பஸ் ஏறி நோர்வூட்டில் இறங்கியபோது சயரோகம் ஆகிவிட்டது.

நோர்வூட்டில்தான் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். கொழுந்து எடுக்கும் பெண். திருவிழாவில் ஒருதரம் தூரத்திலிருந்து பார்த்தது. அதற்குப் பிறகு எனக்கு வேறு யாரையும் பார்க்கத் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறு அவளுடைய அப்பா, பேச்சை முறித்துவிட்டுப் போகத்தான் எங்கள் லயத்துக்கு வந்தார்.

அக்கா புருஷன் எனக்கு ஒரு வழி பண்ணியிருந்தார். இரண்டு கம்பளிச் சட்டை, அதற்கு மேல் அவருடைய சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கோட்டு. அன்றைக்கென்று பனி விலகி வெயில் அடித்தது. வந்தவர் தேத்தண்ணியைக் குடித்தபடி என் நெற்றியையே பார்த்தார்.

"வேர்க்குதே தம்பி, கழட்டுங்களேன்."

ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசியில் துரை பார்த்தது மட்டும் மிச்சமிருந்தது.

 மூலையில் உட்கார்ந்திருந்த என் தாய்மாமன்தான் வாயைத் திறந்தார். பங்களாவில் சமையல்கார அப்பு அவர்.

"தொர வீட்டுல இதே எலும்புக்கு வேற பேருங்க, மச்சான்."

"என்னா பேரு?"

"ஸ்லிம்மு. தொரசாணி புதுச்சட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னா தொர அப்புடித்தான் சொல்லுவாரு. அந்தம்மாவுக்கு மொகமெல்லாம் சிரிப்பு. அதக் கேக்கணும்னே ராவுல பாதிச் சோத்த தட்டுலயே விட்டுரும். நாய்தான் திங்கும்."

பெண்ணின் அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "சோறு இருந்தும் திங்காதா?"

"திங்காதுங்க."

அவர் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னுடையதைவிட ஒன்றும் பெருத்ததில்லை. பிறகு எழுந்து, மேல்மலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வருவோம் என்று என்னை மட்டும் கூட்டிக்கொண்டு ஏறினார். சாமி கும்பிடவா, மூச்சைப் பார்க்கவா என்று எனக்குத் தெரியாதா? பாதி மலையில் அவர் உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே கவ்வாத்தைப் பற்றி, அட்டைக்கடியைப் பற்றி, வட்டவளை மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கியபடி அவர், "போதும் தம்பி, தை மாசம் வச்சுக்குவோம்" என்றார். பிள்ளையாரைப் பார்க்காமலே இறங்கினோம்.

போகும்போது மாமாவிடம் அந்தச் சொல்லை இன்னொருதரம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நோர்வூட்டிலும் படிகள் உண்டு. தை மாசம் நாங்கள் மேளத்தோடு போய் இறங்கியபோது லயத்துப் பெண்கள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். என்னைப் பார்த்தார்கள். பிறகு எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்கள்.

மாலை மாற்றி உட்கார்ந்த பிறகு, குனிந்த தலை நிமிராமல் அவள் முதல்முதலாக என்னிடம் பேசினாள்.

"மாப்பிள்ள தொர மாதிரி இருப்பாருன்னாங்களே."

"தொர மாதிரி இல்ல," என்றேன். "தொரசாணி மாதிரி."

அவள் தோள் குலுங்கியது. அப்பனைப் பிரியும் துக்கத்தில் பெண் அழுகிறாள் என்று அவளுடைய அத்தை ஓடிவந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டார்.