செல்வராஜு மூடாமல் கொடுத்த டிஸ்க்

மலாக்காவை உலகப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்த வருடம் அது. பெட்ரோல் விலை ஒரே நாளில் எகிறியதும், லூபோக் சீனாவுக்குப் பக்கத்தில் ஆளில்லாமல் நின்ற எங்கள் தோட்டத்து லயன் வீடுகளை இடித்துத் தள்ளியதும் அதே வருடம்தான். அந்த வருடம் செங் என்கிற ஊரில் குடியிருந்த செல்வராஜு ஒரு டிவிடி ரிக்கார்டர் வாங்கினான். போன வெள்ளிக்கிழமை காலையில் அவன் மனைவி சரோஜா போன் செய்து, "அண்ணே, அவரு போயிட்டாரு" என்றபோது, அவன் முகம் ஞாபகம் வருவதற்கு முன்னால் அந்தப் பெட்டிதான் எனக்கு ஞாபகம் வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தோட்டத்து ஆட்களே, உங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். கருமாதிக்குக் கூடுகிறவர்கள் முன்னால் இதை அவளே வாசிப்பாள்.

செல்வராஜுவை நாங்கள் செல்வம் என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்தில் அவன் லாரி ஓட்டினான். தோட்டம் விற்றுப்போன பிறகு செங்கில் ஒரு தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டினான். சரோஜாவுக்கும் அங்கேயே வேலை, மதிய ஷிப்ட். சாயங்காலம் வரும் தொடர் நாடகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அதற்காகத்தான் அந்தப் பெட்டியை வாங்கினான். பக்கத்து வரிசை வீட்டில் இருந்த நான் வேடிக்கை பார்க்கப் போனேன்.

"கேசட் எங்கடா போடுறது?"

"கேசட் வேணாம்ணே. உள்ளுக்கே ஹார்ட் டிஸ்க் இருக்கு. சாப்பிட்டு வயித்துலயே வெச்சிக்கும்."

"வயிறு ரொம்பிட்டா?"

"நம்மள மாதிரிதான். எதையாச்சும் வெளிய தள்ளணும்."

அந்த வயிறு சீக்கிரமே ரொம்பியது. ஷிப்டுக்குப் போகும் பெண்கள் எல்லாரும் அவனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்திக்கு நாடகம், ஒருத்திக்கு சமையல், ஒருத்திக்கு ஞாயிற்றுக்கிழமை படம். இடம் இல்லாமல் போகும்போதெல்லாம் அவன் ஆசையாகப் பதிந்து வைத்த பந்து விளையாட்டைத்தான் அழித்தான். நான் கேட்டதற்கு, "அடுத்தவங்களோடத அழிக்கணும்னா அவங்ககிட்ட கேக்கணும்ணே. என்னோடதுன்னா நானே என்கிட்ட கேட்டுக்குவேன்" என்றான். சரோஜா சமையலறையிலிருந்து, "அழிங்க அழிங்க. எத்தன தடவ போட்டாலும் அவன் அதே பக்கம்தான் அடிக்கப் போறான்" என்றாள்.

இனி கேசட் கதைக்கு வருகிறேன். தோட்டத்துக் கோயிலை அங்கிருந்து எடுப்பதற்கு முன்னால் நடந்த கடைசித் திருவிழாவை வீடியோ எடுத்தது உங்களுக்குத் தெரியும். அந்தத் திருவிழா முடிந்ததும்தான் சண்டை வந்தது. அம்மனை லூபோக் சீனாவுக்குக் கொண்டுபோவதா, கோலா சுங்கை பாருவுக்கா என்று தோட்டமே இரண்டாகப் பிரிந்தது. நான் ஒரு பக்கம், என் தங்கச்சி அஞ்சலையின் புருஷன் சங்கிலி இன்னொரு பக்கம். அம்மன் லூபோக் சீனாவுக்குப் போனாள். சங்கிலி கோபத்தில் குடும்பத்தோடு பாசிர் கூடாங்கிற்குப் போனார். நல்லது கெட்டது எதற்கும் வரவில்லை. என் மனைவி பொன்னம்மா இறந்தபோதும் வரவில்லை. அண்ணன் தங்கச்சி என்று இருந்தது இரண்டு பேர் மட்டும். எங்களுக்குள் பேச்சு அடியோடு நின்றது.

அந்த கேசட் கோயில் சாமான்களோடு கிடந்து பூஞ்சை பிடித்துவிட்டது. செல்வம் அதைத் தேடி எடுத்துவந்து, பழைய வீடியோ பிளேயரையும் ரிக்கார்டரையும் ஒயரில் இணைத்து ஓடவிட்டான். கேசட் ஓடுகிற நேரம் முழுக்க அது உள்ளே பதிந்தது. பக்கத்தில் யாரையும் நடக்கக்கூட விடவில்லை. முடியும் தறுவாயில் கரகரவென்று ஒரு சத்தம் வந்து டேப் அறுந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "அறுந்தா அறுந்துட்டுப் போவுதுண்ணே, உள்ள போயிருச்சு" என்று பெட்டியைத் தட்டிக் கொடுத்தான்.

பிறகு அந்தப் பதிவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு வைத்தான். திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. "எனக்கு எது என்னோடதுன்னு எப்படிடா தெரியும்?" என்றேன். "எழுத்தப் பாக்காதீங்க. பக்கத்துல சின்னதா படம் இருக்கு பாருங்க" என்றான். எந்த இடத்துப் படத்தை வைப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கலாமாம். எனக்கு அவன் வைத்திருந்தது, மஞ்சள் சேலையில் பால்குடத்தோடு பொன்னம்மா திரும்பிப் பார்க்கும் படம். அடையாளக் கார்டில் இருந்த படத்தைத் தவிர அவளுடைய முகம் வேறெங்கும் என்னிடம் இல்லை. அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் எனக்குப் படிக்கத் தெரிந்தது.

டிஸ்க்குகளில் பதிந்து எல்லாருக்கும் கொடுத்தனுப்பினான். கிள்ளானுக்கு, சிரம்பானுக்கு, சிங்கப்பூருக்கு. பாசிர் கூடாங்கிற்கும் ஒன்று. ஒரே வாரத்தில் போன் மேல் போன். எந்த வீட்டு பிளேயரிலும் ஓடவில்லை. "காலி டிஸ்க்க குடுத்து ஏமாத்திட்டியாலா?" என்று சிரம்பானிலிருந்து ஒருவர் திட்டினார். டவுனில் கடைக்காரனிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. பதிந்து முடித்ததும் டிஸ்க்கை மூட வேண்டுமாம், அதற்கு ஒரு பட்டன் இருக்கிறதாம். மூடாத டிஸ்க் பதிந்த பெட்டியைத் தவிர வேறெதிலும் ஓடாதாம்.

செல்வம் எல்லாருக்கும் போன் செய்தான். "என் தப்புதான். ஞாயித்துக்கெழம டிஸ்க்க கொண்டாங்க, மூடித் தரேன். சாப்பாடு இங்கதான்."

வந்தார்கள். செங்கில் அந்தச் சின்ன வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அம்மனை அங்கே கொண்டுபோகச் சொன்னவரும் இங்கே கொண்டுபோகச் சொன்னவரும் ஒரே சோபாவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு டிஸ்க்கை மூட அந்தப் பெட்டி சாவகாசமாக நேரம் எடுத்தது. மூடும்போது வேறு எதையும் பார்க்க முடியாது. அதனால் பேசித்தான் ஆக வேண்டும். சரோஜா கோழிக்கறியும் குடிக்கச் சிராப்புத் தண்ணீரும் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் அஞ்சலை வந்தாள். தனியாகத்தான் வந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, "தம்பி, டிஸ்க்க மூடிக் குடு, பஸ்ஸுக்குப் போகணும்" என்றாள். "ஒக்காருங்கக்கா, உங்களோடதுல என்ன இருக்குன்னு பார்த்துட்டு மூடலாம்" என்று செல்வம் பெட்டியிலிருந்து படத்தைப் போட்டான். பால்குட ஊர்வலம். பொன்னம்மா திரும்புகிறாள். பக்கத்தில் வருகிற அஞ்சலையிடம் என்னவோ சொல்லிச் சிரிக்கிறாள். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வார்த்தை என்னவென்று தெரிந்தவள் உலகத்தில் அஞ்சலை ஒருத்திதான். எனக்குத் தாங்கவில்லை.

"என்னடி சொல்றா அவ?"

அத்தனை வருடம் கழித்து என் தங்கச்சியிடம் நான் பேசியது அதுதான்.

அஞ்சலை திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஒங்க அண்ணன் வேட்டி அவுந்துக்கப் போவுது, ஓடிப் போய்ச் சொல்லுடின்னா" என்றாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. வீடே சிரித்தது. செல்வம் மட்டும் மெதுவாக, "இன்னொரு தடவ போடவாண்ணே?" என்றான். அன்றைக்கு அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. என் வீட்டில் தங்கினாள். அடுத்த மாதமே சங்கிலியும் வந்து என் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

செல்வத்தைத் தகனம் செய்துவிட்டு வந்த அன்று சரோஜா ஒன்று சொன்னாள். "புது டிஸ்க்கா பதிஞ்சு, மூடி, போஸ்ட்ல போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்ணே. நான் அப்பவே சொன்னேன். 'போஸ்ட்ல போட்டா டிஸ்க் போய்ச் சேரும், அஞ்சலக்கா வரமாட்டாங்க'ன்னாரு."

இத்தனை வருடம் அவன் இதை என்னிடம் சொல்லவில்லை. என் தப்புதான், என் தப்புதான் என்று எல்லாரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு சிரித்தான். மூடத் தெரியாமல் கொடுத்தது நிஜம். அந்தத் தெரியாத்தனத்தை வைத்து அவன் செய்ததற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? ஆள் இருக்கும்போதே தெரிந்திருந்தால் கையைப் பிடித்திருப்பேன்.

பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. சரோஜாவே கொடுத்தனுப்பினாள். கொஞ்சம் முனகும், ஆனால் ஓடுகிறது. இன்று காலையில் என் துண்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அவன் எனக்கு வைத்துக் கொடுத்த சின்னப் படத்தில் நான் இல்லை. நான் படத்துக்கு வெளியே வேட்டியோடு போராடிக்கொண்டிருந்தேன். நடுவில் பொன்னம்மா இருக்கிறாள், போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் கொடியைப் பிடித்துக்கொண்டு சங்கிலி; அவரும் போய்விட்டார். குடை பிடித்துக்கொண்டு மீசையோடு நிற்பவன் செல்வராஜு. ஓரத்தில் தோளும் பாதி முகமும் மட்டும் தெரிகிற ஒருத்தி இருக்கிறாள். அவளைத்தான் செல்வம் எனக்கென்று விட்டுப்போயிருக்கிறான். கருமாதிக்காக பாசிர் கூடாங்கிலிருந்து பஸ் ஏறிவிட்டேன் என்று இப்போதுதான் போன் செய்தாள், என் தங்கச்சி அஞ்சலை.