ஒரிஜினலில் இருந்த குரல்

ஸ்பீக்கர் பழுது பார்க்கும் அவருக்குக் கடைத்தெருவில் ‘ஒரிஜினல்’ என்றுதான் பெயர். யாராவது சரவுண்ட் சவுண்டைப் புகழ்ந்தால் போதும், பிடித்துக்கொள்வார். “ரெண்டு மைக்குல பதிஞ்சது ரெண்டு ஸ்பீக்கர்லதான் வரணும். அஞ்சுல வந்தா, மிச்சம் மூணும் மெஷின் விடுற கதை.” வாடிக்கையாளர்கள் சிரித்துக்கொண்டே அவரிடமே சரவுண்ட் மாட்டச் சொல்வார்கள். முணுமுணுத்தபடி மாட்டிக் கொடுப்பார்.

வீட்டில் மட்டும் அவருக்கு நிசப்தம் ஆகாது. எந்நேரமும் ஏதாவது ஒன்று பாடிக்கொண்டிருக்க வேண்டும்.

அவரைச் சீண்டவென்றே மகள் ஒரு சரவுண்ட் செட் வாங்கி வந்து, ஒரு காலையில் தானே மாட்டினாள். போட்டுப் பார்க்க, மேசை டிராயரில் கிடந்த பழைய பென் டிரைவைச் செருகினாள். அவர் தடுப்பதற்குள் முன் ஸ்பீக்கரில் அவர் குரலே வந்துவிட்டது. “ஒண்ணு, ரெண்டு, மூணு.”

பதினோரு வருடங்களுக்கு முன் புது மைக்குகளைச் சோதித்த பதிவு. அந்தக் காலையில்தான் அவர் மனைவி சமையலறையில் விழுந்து இறந்தாள். பிறகு அவர் அதைக் கேட்டதேயில்லை. தூக்கி எறியவும் மனம் வரவில்லை.

பின்பக்கமிருந்து ஏதோ குரல் கேட்டு மகள் சட்டென்று திரும்பினாள். பின்னால் சுவரும் அதில் மாட்டிய ஸ்பீக்கரும்தான் இருந்தன.

“ஏங்க” என்றது அது. கொஞ்சம் விட்டு, மறுபடியும், “ஏங்க.”

“அப்பா, அம்மா கூப்பிடுறாங்க.”

அவர் எட்டி ஒலியைக் குறைத்தார். “அது மெஷின் சேக்குறதும்மா. நான்தான் எப்பவும் சொல்லுவேனே.”

அம்மா கூப்பிடவே இல்லை, கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பேன் என்றுதான் இத்தனை வருடமும் மகளிடம் சொல்லிவந்தார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார்.

மகள் வாதாடவில்லை. பென் டிரைவை லேப்டாப்பில் செருகி ஹெட்போனை நீட்டினாள். “அப்போ ஒரிஜினல்ல கேளுங்கப்பா.”

கேட்டார். மெஷின் எதையும் சேர்த்திருக்கவில்லை. அவர் குரலை முன்னால் நிறுத்திவிட்டு, அதற்கடியில் கிடந்ததைப் பின்னால் அனுப்பியிருந்தது, அவ்வளவுதான். எண்களுக்கு நடுவே மனைவி மெல்லக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது “ஏங்க”வுக்குப் பிறகு எண்ணுகிற குரல் உயர்ந்தது. பதிவு கெடுகிறதே என்ற எரிச்சல் அதில் அப்பட்டமாக இருந்தது.

“கேக்குதாப்பா?”

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

“கேட்டுச்சும்மா,” என்றார். “அன்னைக்கே கேட்டுச்சு.”