தாய்மாமன் வரக் காத்திருந்த டேப்லெட்

விசேஷ வீடுகளில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, வருகிற ஆட்களை அங்கேயே டேப்லெட்டில் வரைந்து, அச்செடுத்துக் கையில் கொடுப்பது என் தொழில். மூக்கு பெரிதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பெரிதாக்குவேன். மீசை முறுக்கியிருந்தால் காதுவரை கொண்டுபோவேன். மதுரையில் கல்யாண வரவேற்புக்கும் காதுகுத்துக்கும் இப்போது இதைக் கேட்டு வாங்குகிறார்கள். நான் வரைவேன்; கல்லூரியில் என்னோடு படித்த தோழி அச்செடுத்து அட்டைக்குள் வைத்துக் கொடுப்பாள். அவள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள், டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். நான் எழுமலைக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய், கல்லூரியையும் முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அந்தப் படிப்பினால் எனக்கு ஒரு பதவியும் கிடைத்திருந்தது. வீட்டில் பிளக் வைத்த எந்தப் பொருளை வாங்கினாலும் தீர்ப்பு என்னுடையது. மிக்ஸி, கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர், அம்மாவின் செல்போன், சித்தப்பா வீட்டு ஃபிரிட்ஜ் எல்லாம் நான் சொல்லி வாங்கியவை. கடைக்காரர் எவ்வளவு பேசினாலும் அப்பா, "மக வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு பொருளையும் நான் தவறாகச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் என்னுடைய டேப்லெட்டை மாற்றுவதா வேண்டாமா என்பதில்தான் மாதக்கணக்காக முடிவு எடுக்காமல் இருந்தேன்.

பழையது கல்லூரிக் கடைசி வருஷத்தில் வாங்கியது. ஒரு மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. அணைத்துவிட்டுத் திறந்தால் எழுந்து வர நேரம் எடுக்கும். பேனா முன்னால் போகும், கோடு கொஞ்சம் பின்னால் வரும். எனக்கு அது பழகிவிட்டது. கோடு எங்கே வந்து நிற்கும் என்று என் கைக்குத் தெரியும். தோழிக்குத்தான் பொறுக்காது. "உன் டேப் முழிச்சு வர்றதுக்குள்ள மாப்பிள்ளைக்குப் பிள்ளை பிறந்து அதுக்கும் காது குத்திருவாங்கடி" என்பாள்.

அதே கம்பெனியில் புது மாடல் வந்ததும் அவள் என்னை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடையில் இருந்த இளைஞர் எங்களிடம் சினிமா ஓடவிட்டுக் காட்டினார், விளையாட்டு ஓடவிட்டுக் காட்டினார். "வீட்டுல தம்பி இருந்தா ரொம்பப் பிடிக்கும் மேடம்" என்றார்.

"பேனாவைக் குடுங்க" என்றேன்.

அவரையே வரைந்தேன். கோடு பேனாவோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அது பிடித்திருந்தது. ஆனால் அவருடைய கோணல் மூக்கை நான் கோணலாக இழுத்தால் அது தானாகவே நேராக்கிக் கொடுத்தது.

"பார்த்தீங்களா மேடம், உங்க தப்பையெல்லாம் அதுவே சரி பண்ணிரும்."

"அது தப்பு இல்லைங்க, உங்க மூக்கு."

தோழி சிரிப்பை அடக்க வெளியே ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்தத் திருத்தலை எங்கே நிறுத்துவது என்று அந்த இளைஞருக்குத் தெரியவில்லை. நான் அமைப்புகளுக்குள் போய்த் தேடி நிறுத்திவிட்டு மறுபடி வரைந்தேன். மூக்கு வந்தது. அதற்குமேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும், "யோசிச்சிட்டு வாரேன்" என்று எழுந்துவிட்டேன். பழையது இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. வேலை செய்கிற பொருளை ஓரம் கட்ட எனக்குக் காரணம் வேண்டும். புதுசு என்பது மட்டும் காரணம் ஆகாது.

அந்த வாரமே காண்ட்ராக்ட் அண்ணன் கூப்பிட்டார். பந்தல், மைக் செட், ஃபோட்டோ, ஐஸ்கிரீம் என்று விசேஷத்துக்கு வேண்டிய அத்தனையும் மொத்தமாக எடுத்துச் செய்கிறவர். எங்கள் ஊர்ப் பக்கமே ஒரு காதுகுத்து. "இதை நல்லபடியா முடிச்சுக் குடுத்தா, ஆவணியில எனக்கு வர்ற முகூர்த்தம் அம்புட்டுக்கும் உங்களையே போட்டுருவேன். சொதப்பிட்டா வேற ஆள் பார்த்துக்குவேன், வருத்தப்படக் கூடாது" என்றார். அவர் நேராகப் பேசுகிறவர். எனக்கு அது பிடிக்கும். ஆவணி முழுவதும் வேலை என்றால், சொந்தமாக ஒரு கடை அறை எடுத்துப் பெயர்ப்பலகை மாட்டலாம். நாங்கள் இரண்டு பேரும் ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருந்தது அதைத்தான்.

"இதுக்காவது புதுசு வாங்கிருடி" என்றாள் தோழி.

"பழசைத்தான் கொண்டு போறேன். முழு நாள் வேலை, வைகாசி வெயில். தாங்கினா வச்சுக்குவோம். தாங்கலைன்னா மாத்திருவோம்."

"நல்ல நாள் பார்த்தடி சோதனை வைக்க."

நான் அப்படித்தான். ஒரு மோட்டார் தண்ணீர் இறைக்குமா என்று கிணற்றில் வைத்துத்தானே பார்க்க முடியும்.

காதுகுத்துப் பந்தல் தகரம் போட்டது. காலை பத்து மணிக்கே உள்ளே அனல் இறங்கியது. நாங்கள் மேசையைப் போட்டதுமே குழந்தையின் பெரியப்பா, சித்தப்பா என்று பங்காளிகள் வந்து வரிசை கட்டிவிட்டார்கள். எல்லோரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முதலில் நின்ற பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"வரையி பாப்பா. முடியைக் கொஞ்சம் கூட்டிப் போடு."

"மாமன் படம் முதல்ல விழட்டும் பெரியப்பா" என்றேன்.

அவர் எழுந்துகொண்டார். அவருக்கும் தெரியும். காதுகுத்து என்பது தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துச் செய்கிற காரியம். அவர் சீர்த்தட்டுகளோடும் மேளத்தோடும் வந்து, அவர் மடியில் பிள்ளைக்குக் காது குத்தி, அவர் படம் முதலில் விழ வேண்டும். அதற்கு முன்னால் பங்காளி முகம் ஒன்று அச்சில் வந்து பந்தலில் சுற்றினால், பேச்சு பந்தலோடு நிற்காது. தோழிக்கு இது தெரியாது. அவள் என் காதோரம், "சும்மாதானே உட்கார்ந்திருக்கோம், நாலு பேரை முடிச்சிரலாம்ல" என்றாள்.

"முடிச்சா நம்ம கதை முடிஞ்சிரும்."

மாமன் வீட்டு ஊர்வலம் இதோ வருகிறது என்றார்கள். தூரத்தில் வேட்டுச் சத்தம் கேட்டது. டேப்லெட்டைத் திறந்து, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, குழந்தை பெயர் எழுதிய சட்டத்தைத் திரையில் எடுத்துத் தயாராக வைத்தேன். ஊர்வலம் வரவில்லை. வழியில் கோயில் வாசலில் ஆட்டம் போடுகிறார்களாம். மறுபடி வேட்டு. மறுபடி இதோ வருகிறார்கள். அணைத்தால் எழுந்து வர நேரம் எடுக்குமே என்று நான் அணைக்கவில்லை. சார்ஜரையும் சொருகி வைத்திருந்தேன். ஒரு படம்கூட வரையாமல், முழு வெளிச்சத்தில், தகரத்துக்குக் கீழே, மின்சாரத்தையும் குடித்துக்கொண்டு அது விழித்தே கிடந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் மாமன் வந்தார். ஆறடி ஆள். கழுத்தில் ஆள் உயர மாலை, பின்னால் வாழைத்தார், இலைக்கட்டு, தாம்பாளம், கிடாய் என்று ஊரே வந்தது. குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார், குழந்தை வீறிட்டது, எல்லாம் நொடியில் முடிந்தது. மாமன் அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். பந்தல் மொத்தமும் அவரைச் சுற்றி நின்றது. காண்ட்ராக்ட் அண்ணனும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

நான் பேனாவை வைத்தேன். திரை கறுத்தது. சூடு அதிகமாகிவிட்டது, ஆறும்வரை இயங்காது என்று ஒரு வரி மட்டும் வந்தது. தொட்டுப் பார்த்தால் தோசைக்கல்.

"என்னாத்தா?" என்றார் மாமன்.

பங்காளிக் கூட்டத்திலிருந்து ஒருவர், "மாமனுக்கே வெயிட்டிங் லிஸ்ட்டா மாப்ள" என்றார். அந்தப் பக்கம் சிரிப்பு. மாமனுக்குப் பின்னால் நின்றவர்கள் சிரிக்கவில்லை. மாமன் முகமும் மாறியது. தங்கை மகளுக்காக ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தவர், பங்காளிகள் பார்த்துக்கொண்டிருக்க, கறுத்துக் கிடக்கிற ஒரு கண்ணாடிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்து போனால் திரும்பி வர மாட்டார். அவர் இல்லாமல் மற்றவர்களையும் வரைய முடியாது. ஆவணியும் அவரோடு எழுந்து போய்விடும்.

நடந்தது என்னவோ அதையே சொல்லலாம் என்று பட்டது. பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"காலையில இருந்து பெரியப்பா, சித்தப்பா அம்புட்டுப் பேரும் வரிசையில நின்னாங்க மாமா. ஒருத்தரையும் வரையல. தாய்மாமன் படம்தான் முதல்ல விழணும்னு உங்களுக்காகவே திறந்து வச்சுக் காத்துக் கிடந்தேன். காத்துக் கிடந்தே சூடாயிருச்சு. கொஞ்சம் ஆறட்டும்."

மாமன் பெரியப்பாவைப் பார்த்தார். "நெசமாவா மச்சான்?"

"என்னையே எந்திரிக்கச் சொல்லிருச்சுப்பா இந்தப் புள்ள" என்றார் பெரியப்பா.

மாமன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப ஆறட்டும். எனக்காகக் காத்துக் கிடந்ததுக்கு நான் காத்துக் கிடந்தாக் குறைஞ்சா போயிருவேன்."

தோழி அதற்குள் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஐஸ்கிரீம் பெட்டிக்கு ஓடிவிட்டாள். உள்ளே திணிக்கப் போனவளைப் பிடித்து நிறுத்தினேன். ஐஸில் வைத்தால் ஈரம் இறங்கிச் செத்துவிடும். பெட்டி மூடிமேல் மாமன் கொண்டுவந்த சீர் வாழை இலையில் ஒன்றை விரித்து, அதன்மேல் துண்டு போட்டு, டேப்லெட்டை வைத்து, ஸ்டாண்டு ஃபேனைத் திருப்பிவிட்டேன். மாமன் ஆட்கள் இரண்டு பேர் காவல் மாதிரி இரு பக்கமும் நின்றார்கள். ஐஸ்கிரீம் கேட்டு வந்த பிள்ளைகளைக்கூட, "இருங்கடா, உள்ள வைத்தியம் நடக்குது" என்று விரட்டினார்கள். மாமன் அங்கிருந்தே, "காய்ச்சல் இறங்குச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பங்காளிகளும் சிரித்தார்கள். இப்போது அது வேறு சிரிப்பு.

திரை எழுந்து வந்தது. மேசையைப் புங்கமரத்து நிழலுக்கு மாற்றச் சொன்னேன். மாமன் மடியில் அழுத கண்ணோடு குழந்தை, கழுத்தில் மாலை, காதுவரை மீசை. அவர் படத்தை வாங்கி முதலில் பெரியப்பாவிடம்தான் காட்டினார். அன்று சாயங்காலம் பந்தல் பிரிக்கும்வரை, வெளிச்சத்தைக் குறைத்து, சார்ஜரைப் பிடுங்கி, நடுநடுவே ஆறவிட்டு வரைந்தேன். பெரியப்பாவுக்கு முடியும் கூட்டிப் போட்டேன்.

கிளம்பும்போது காண்ட்ராக்ட் அண்ணன், "ஆவணி உங்களுக்குத்தான்" என்றார். "ஆனா ஐஸ் பெட்டிக்குத் தனி வாடகை போடுவேன், பார்த்துக்க."

விஷயம் எனக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் டேப்லெட்டைப் பெரிய செல்லு என்பார். "ஐஸ் பெட்டி மேல வச்சா எந்திரிச்சு வருதாமில்ல. இம்புட்டு உழைக்கிற பெரிய செல்ல எதுக்கு மாத்தணும்?" என்றார். அம்மாவும் அதையேதான் சொன்னாள். ஆச்சரியம், தோழியும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். "ராசியான டேப்டி அது. மாமனையே உட்கார வச்சிருச்சு. இதை விட்றாத."

அவர்கள் பேசப்பேச எனக்கு முடிவு தெளிவாகிக்கொண்டே வந்தது. மாமனை உட்கார வைத்தது டேப்லெட் இல்லை, நான். அது படுத்துவிட்டது. படுத்ததை நான் மரியாதையாக மாற்றிச் சொன்னேன். அது உண்மையாக இருந்ததால் எடுபட்டது. அடுத்த விசேஷத்தில் வேறொரு மாமன் சரியான நேரத்துக்கு வந்து உட்காருவார், அன்றைக்கும் இது படுக்கும். அப்போது அதே வார்த்தையைச் சொன்னால் பொய். நான் வாயால் சமாளிக்க வேண்டிய பொருளை வைத்துக்கொண்டு பெயர்ப்பலகை மாட்ட முடியாது. என் திறமை வரைவதற்குச் செலவாக வேண்டும், டேப்லெட்டுக்கு வக்காலத்து வாங்குவதற்கு இல்லை.

"மாத்துறேன்பா" என்றேன்.

அப்பா கடைக்காரர்களிடம் காட்டுகிற அதே தோரணையில் துண்டை உதறினார். "நீ பார்த்தாச் சரி."

மறுவாரம் உச்சிவெயிலாகப் பார்த்து நானும் தோழியும் அதே கடைக்குப் போனோம். அந்த இளைஞர் என்னை அடையாளம் கண்டுகொண்டு மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என்ன கலர் வேண்டும் என்று கேட்டார்.

"கலர் அப்புறம். மேசைமேல இருக்கிறதைக் கழட்டிக் குடுங்க. வெயில்ல வச்சு வரையணும்."

"அது ஒயரோட கட்டி வச்சிருக்கு மேடம். வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது."

"நான் வேலை பார்க்கிறது வெளியதான். வெயில்ல இது எம்புட்டு நேரம் தாங்கும்னு தெரியாம வாங்க மாட்டேன். கேட்டுட்டு வாங்க, நிக்கிறோம்."

அவர் உள்ளே போனார். மேனேஜரே வெளியே வந்தார். என்னை ஒரு முறை பார்த்தார், தோழி கையில் விரித்த குடையைப் பார்த்தார், சாவியை எடுத்து ஒயரைக் கழற்றினார். கடைப் படிக்கட்டில் வெயில் முழுதாக விழுகிற இடத்தில் ஒரு ஸ்டூல் போடச் சொன்னேன். சார்ஜரைச் சொருகி, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினேன். மேனேஜர் எதிரில் நின்றார். மூக்கு எடுப்பாக இருந்தது.

"உட்காருங்க சார்" என்றேன். "கொஞ்ச நேரம் ஆகும்."