மாமாவின் முன்பிரேக்

வாக்குக் கொடுத்துவிட்டு இழுத்தடிப்பவர்களைச் சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆகாது. அந்தக் கோபத்தை முதன்முதலில் முழுசாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. வால்பாறையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தார். நாங்கள் இருந்தது பொள்ளாச்சிக்குப் பக்கத்தில். ஆயுத பூஜை லீவுக்கு வரும்போது என்னை பைக்கில் ஆழியாறு அணைக்குக் கூட்டிப்போவதாகப் போனில் சொல்லியிருந்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் இந்த விஷயம் தெரியாதவர் ஒருவரும் இல்லை என்கிற அளவுக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவேண்டியவர் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தார். மலையில் மழை என்றார். வண்டியில் ஒரு பக்கத்து இண்டிகேட்டர் உடைந்திருந்தது, நிறுத்தும்போது சாய்ந்துவிட்டதாம். தண்ணீர்கூடக் குடிக்காமல் அப்பாவிடம் போய், "முன்பிரேக்கு சரியாப் புடிக்கறதில்லீங்க மச்சான். அதெப் பாக்காம வண்டிய எடுக்க முடியாதுங்க" என்றார். 

அப்பா தென்னைநார் மில்லில் பிட்டர். வண்டியை மெக்கானிக்கிடம் விடுவது அவருக்கு மானப் பிரச்சினை. மறுநாள் காலை பைக்கை வாசலில் நிறுத்தி இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். லீவரை அழுத்தினால் கெட்டியாக நிற்க வேண்டும், பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம் என்றார் அப்பா. அமுக்கிப் பார்த்ததில் கொஞ்சம் அமுங்கத்தான் செய்தது. கைப்பிடிக்குப் பக்கத்திலுள்ள சின்ன டப்பாவில் பிரேக் ஆயிலை நிரப்பி, கீழே சக்கரத்துப் பக்கம் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைப் பழைய பாட்டிலில் விட்டார்கள். மாமா லீவரை அழுத்திப் பிடிப்பார். அப்பா திருகைத் தளர்த்தி உடனே இறுக்குவார். குழாயில் குமிழ் குமிழாக வந்தது, பிறகு வெறும் ஆயில் மட்டும் வந்தது. பிரேக் கட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள், தேயவே இல்லை. அதையும் உப்புத்தாளில் தேய்த்து மாட்டினார்கள். பதினொரு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்து, அப்பா கடைவீதி வரை ஓட்டிப்போய் வந்தார். "ஒத்த வெரல்ல புடிச்சாலே நிக்குது மாப்ள."

அதற்குள் நான் ரிப்பன் கட்டிக்கொண்டு தயாராக நின்றேன்.

மாமா ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். தெருமுனை வரை போனவர் வண்டியை உருட்டிக்கொண்டே திரும்பி வந்தார். "இல்லீங்க மச்சான். இங்க சமதரையில புடிக்கும். எறக்கத்துல புடிக்காதுங்க" என்று சொல்லி மறுபடி கழற்ற ஆரம்பித்தார். சாயங்காலம் வரை கழற்றினார், மாட்டினார், கழற்றினார்.

அந்தி நேரத்தில் அம்மா வந்து ஸ்பேனர்களைக் கேட்டாள். ஆயுத பூஜைக்கு முந்தின நாளே அரிவாள்மனையிலிருந்து அப்பாவின் ஸ்பேனர் வரை எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் அடுக்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பூஜை முடிந்து அதற்கடுத்த நாள் காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. பிரேக்கோ பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் பத்து நிமிஷம் பொறு என்று சொல்லியிருப்பார்கள். மாமா உடனே எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுத்தார். மறுநாள் முழுக்க வண்டி பூவும் பொட்டுமாக, பிரேக் இல்லாமல் நின்றது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

விஜயதசமி காலை ஸ்பேனர்கள் வெளியே வந்தன. மாமா மாட்டினார், தெருமுனை வரை போனார், பிடிக்கவில்லை என்றார். அடுத்த நாள் அவர் வேலைக்குத் திரும்ப வேண்டும். அணை என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவுக்கும் பொறுமை போய்விட்டது. "பிரேக்கு நல்லாத்தான் இருக்குது மாப்ள, புடிக்கற கைதான் செரியில்ல" என்று கேலி பேச, வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வேகம் வந்துவிட்டது. பைக்கின் மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் லீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து தள்ளச் சொன்னேன். அப்பா தள்ளினார். பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து தள்ளினார். முன்சக்கரம் அசையவில்லை.

"பாருங்க, நல்லாத்தான் புடிக்குது! மாமனுக்குத்தான் பயம்!" என்று கத்தினேன்.

தெருவே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அப்பா. மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கை கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

அம்மா தேடிக்கொண்டு போக, நானும் பின்னாலேயே போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மாமா சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் மாமா கையை இறக்கிவிட்டார். "மச்சாங்கிட்டச் சொல்லட்டுமா தம்பி?" என்று அம்மா கேட்டதும், "வேண்டாங்கக்கா, சிரிப்பாங்க" என்று மாமா சொன்னதும் மட்டும் என் காதில் விழுந்தன. பிரேக்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

பல வருஷம் கழித்து, நான் வேலைக்குப் போய் ஸ்கூட்டர் வாங்கிய அன்று, ஈரத்தில் முன்பிரேக்கை அமுக்கிப் பிடிக்காதே என்று சொல்லவந்த அம்மா மிச்சத்தையும் சொன்னாள். அந்தத் தடவை இறங்கி வரும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வர, மாமா முன்பிரேக்கை அழுத்தியிருக்கிறார். பிரேக் நன்றாகப் பிடித்ததுதான் வினை. ஈர ரோட்டில் சக்கரம் வழுக்கி, வண்டி அவரையும் இழுத்துக்கொண்டு தடுப்புச் சுவரில் போய்த்தான் நின்றிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம். எழுந்தவருக்குத் திரும்ப வண்டியில் ஏறத் தைரியம் வரவில்லை. மிச்ச வளைவுகளை எல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே இறங்கியிருக்கிறார். நான் தெருவில் கத்தியது பொய்யில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? மறுநாள் காலை மாமா பையை மாட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். சாவி கையிலேயே இருந்தது. அப்போது அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள்.

"நானும் வாரேன் தம்பி. உன்ற குவார்ட்டர்ஸப் பாத்துப்போட்டு நாளைக்கு பஸ்ஸுல வந்தர்றேன்."

"டவுன் பஸ்ஸுல ஒக்காந்தாலே வாந்தியெடுக்கற ஆளு நீ" என்றார் அப்பா. அம்மா பின்சீட்டில் ஏறி, தம்பியின் தோளில் கையை வைத்து, "மெதுவாவே போ. நான் பேசிக்கிட்டே வாரேன்" என்றாள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆழியாறும் அதே ரோட்டில்தான் இருக்கிறது. எனக்கென்று சொன்ன சீட்டில் அம்மா போகிறாள்! வண்டி தெரு திரும்பும்வரை கத்தினேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. எப்போதும் என்னைச் சமாதானப்படுத்த வரும் அப்பா அன்று வரவில்லை. மில்லுக்கும் போகாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அம்மா ஏறி உட்கார்ந்த விதத்தில் அவருக்கு ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். போய்ச் சேர்ந்துவிட்டதாக மத்தியானம் போன் வந்த பிறகுதான் உள்ளே வந்து சாப்பிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அம்மா பஸ்ஸில் திரும்பி வந்தாள். மேலே போகும்போது வாந்தி, கீழே வரும்போதும் வாந்தி என்று அப்பாவிடம் சொன்னாள். முகம் வெளுத்து, கால் தள்ளாட, வாசற்படியில் உட்கார்ந்து என்னைத்தான் முதலில் கூப்பிட்டாள். நான் கிட்டே போகவில்லை.

"எனக்குச் சொன்ன சீட்டுல நீ போனியில்ல? உனக்கு நல்லா வேணும்" என்றேன்.

அம்மா சிரித்தாள். அவள் ஏன் சிரிக்கிறாள் என்று நான் யோசிக்கவில்லை. அந்தப் பயணத்தில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் கிடைக்கவில்லை என்று தெரிந்ததில் என் மனசு ஆறிவிட்டது. அன்று வரை அவிழ்க்காமல் வைத்திருந்த ரிப்பனை அவிழ்த்து வைத்துவிட்டு விளையாடப் போனேன்.